வீடு தேடி வந்து கேட்டவர்கள் விடையோடும் வரட்டும்

என் தொழில் கேள்வி கேட்பது. மருத்துவக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நடத்துகிற குடும்ப நல ஆய்வுகளுக்காக விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போகிறவள் நான். ஆய்வு அறிக்கையின் பின்பக்கத்தில் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி இருக்குமே, அந்த வரிக்குள் இருக்கிற ஆள். முன்பு காகிதக் கட்டும் கிளிப் போட்ட அட்டையும் தூக்கிக்கொண்டு போவோம், இப்போது டேப். கேள்விகள் பெரிதாக மாறவில்லை. குடிதண்ணீர் யார் எடுத்து வருகிறார்கள், நேற்று கீரை சாப்பிட்டீர்களா, கடைசிக் குழந்தைக்கு எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள், கலைந்துபோன கர்ப்பம் உண்டா, கணவர் எப்போதாவது கை நீட்டியிருக்கிறாரா.

பெற்ற தாயிடம் சொல்லாததை என்னிடம் சொல்லிவிடுகிறார்கள். நாளைக்கு நான் அந்த ஊரில் இருக்கமாட்டேன் என்ற தைரியம்தான் காரணமாக இருக்க வேண்டும். அப்படி மனசைத் திறந்து சொன்ன பெண்களிடம் யாரும் திரும்பிப் போய், "நீங்கள் எல்லாரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்ததில் இதுதான் தெரிந்தது" என்று சொல்லி நான் பார்த்ததில்லை. ஆய்வு முடியும், அறிக்கை ஆங்கிலத்தில் வரும், இணையத்தில் ஏறும். அதோடு சரி. இது முறையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மரியாதைக் குறைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

முதலில், அவர்கள் கொடுப்பது என்ன என்று பாருங்கள். ஒரு முழு நேர்காணல் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பிள்ளைகள் அதிகமென்றால் இன்னும் இழுக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை விடியற்காலையில் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் விளக்கு வைத்த பிறகு. உலையில் அரிசி கொதிக்கும், ஆடு வீடு திரும்பும், பிள்ளை அழும், நடுவே பதில் வரும். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். அடி உதை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்கலாம், அதுவும் வேறு யார் காதிலும் விழாத தனிமை கிடைத்தால்தான். கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும் என்பது விதி. அதனால் கூட வருகிற பெண், "வாங்க பெரியம்மா, உங்களுக்கு பிரஷர் பார்த்துடலாம்" என்று மாமியாரைத் திண்ணைக்கு அழைத்துப் போவாள். நான் உள்ளே குரலைத் தாழ்த்திக் கேட்பேன்.

சம்மதப் படிவத்தில், "இதனால் உங்களுக்கு நேரடிப் பலன் எதுவும் கிடைக்காது" என்று ஒரு வரி உண்டு. வாசித்துக் காட்டியாக வேண்டும். "அப்புறம் எதுக்கும்மா கேக்குற? ரேஷன் கார்டை எடுத்தாரவா?" என்பார்கள். நியாயமான கேள்வி.

ரத்தப் பரிசோதனையில் மட்டும் பதில் உடனே கிடைக்கும். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தால் சின்னக் கருவி ஹீமோகுளோபின் அளவைக் காட்டிவிடும். அங்கேயே சொல்லிவிடுவோம். ஏழுக்குக் கீழே இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்போம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒன்பது என்று சொன்னால் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போகும். "நான் சரியா சாப்பிடறதில்ல டீச்சர்" என்பாள். குற்றம் செய்தவளைப் போல. மாமியாரும் அதைப் பிடித்துக்கொள்வார்: "இவ எப்பவுமே இப்படித்தான்."

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, கொரோனா குறுக்கிட்டதால் இரண்டு கட்டமாக 2019க்கும் 2021க்கும் இடையில் நாடு முழுக்க நடந்தது. 6,36,699 வீடுகள், 7,24,115 பெண்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அது சொல்கிறது. அதற்கு முந்தைய சுற்றில் 55. இரண்டு சுற்றுக்கும் இடையில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றிருக்கிறோம். தன் தெருவில் இந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் எதிர்வீட்டுக்காரியும் தன்னைப் போலவே என்று அந்த ஒன்பதுக்காரிக்குத் தெரிந்தால், அவள் கேட்கிற கேள்வி வேறாக இருக்கும். ரேஷனில் பருப்பு ஏன் இவ்வளவுதான், நர்சம்மா கொடுக்கிற மாத்திரை ஏன் வயிற்றைப் புரட்டுகிறது, எல்லாருக்கும் இப்படி என்றால் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பாள். தனக்கு மட்டும் என்று நினைக்கிறவள் கேட்கமாட்டாள்.

அடி விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். "எல்லா வீட்லயும் உள்ளதுதானே" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். அதே ஆய்வு தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் கணவரின் வன்முறையை எப்போதாவது சந்தித்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 38 சதவீதம் என்கிறது. பயங்கரமான எண்தான். ஆனால் அடிபடுகிறவள் காதுக்கு அதன் மறுபாதிதான் செய்தி: நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்ட பெண்கள் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். சிலர் மறைத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், எல்லா வீட்டிலும் உள்ளது என்பது பொய். இந்த எண்ணைப் பேராசிரியர்கள் அறிவார்கள். அதை உருவாக்கிக் கொடுத்த பெண்களுக்குத் தெரியாது.

சிசேரியனுக்கு ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். தண்ணி வத்திடுச்சு, கொடி சுத்திக்கிச்சு, பாப்பா திரும்பிடுச்சு. ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் அறுவைச் சிகிச்சை, அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். ஒரு சமூகத்தில் இந்த அளவு 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு தாய், சேய் இறப்பு அதனால் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லியிருக்கிறது. தனியாரில் மட்டும் கொடி இத்தனை பிள்ளைகளுக்குச் சுற்றுமா? இந்தக் கேள்வி கிராமத்துத் திண்ணையில் எழ வேண்டும். எழுவதற்கான எண் அங்கே போய்ச் சேரவில்லை.

நேரக் கணக்கு ஆய்வு இன்னும் வேடிக்கை. நேற்று விடியற்காலை நான்கு மணி முதல் இன்று நான்கு மணி வரை, அரை மணி அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்கிற முறை அது. ஆண்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: வேலைக்குப் போனேன், டீக்கடை, வந்தேன், படுத்தேன். பெண்களிடம் நான்தான் தோண்ட வேண்டும். பாத்திரம் துலக்கும்போது பிள்ளைக்குப் பாடம் சொன்னீர்களா, அடுப்பில் குழம்பு இருக்கும்போதே துணி ஊறவைத்தீர்களா? 2024இல் மத்தியப் புள்ளியியல் துறை நடத்திய ஆய்வில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் சராசரியாக ஒரு நாளில் 289 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிடம். 2019இல் 299, 97. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று சந்தோஷப்படலாம் என்றால், ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். இந்த ஒன்றையாவது ஊர்க் கூட்டத்தில் மைக் போட்டுச் சொல்ல எனக்கு ஆசை.

முடிவுகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் சென்னையே சாட்சி. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாரும் சேர்ந்து நடத்தியது. காசநோய் வந்தால் சானடோரியத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு என்பதுதான் அன்றைய வேதம். அந்த மையம் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரை சானடோரியத்துக்கு அனுப்பியது. மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே, அதே அரைகுறைச் சாப்பாட்டோடு, ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். மருந்துகளை ஒரு வருடம் சாப்பிட்டார்கள். பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். என் தொழிலின் பாட்டிமார் அவர்கள். 1959இல் வெளியான முடிவு: இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். பின்னால் வருடக் கணக்கில் கூட இருந்தவர்களைக் கண்காணித்ததில், நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இது பெரிய காரணமானது.

அந்த 193 நோயாளிகளும் உலக மருத்துவத்தின் போக்கையே மாற்றினார்கள். எனக்கே இது தெரியவந்தது ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு பேராசிரியை சொல்லித்தான். அந்த நோயாளிகளில் ஒருவரின் பேத்திக்கு, எங்கள் தாத்தா இதில் ஒரு ஆள் என்று சொல்லிக்கொள்ள வாய்ப்பு இருந்திருக்குமா?

முடிவுகளை ஊருக்கே திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும் என்றால் ஆய்வாளர்கள் மறுத்துப் பேசுவார்கள். நாங்கள் எடுக்கிற மாதிரி, மாவட்டத்துக்குத்தான் பொருந்தும், ஒரு ஊருக்குப் பொருந்தாது என்பார்கள். சரிதான், மாவட்ட எண்ணையே சொல்லுங்கள். ரகசியம் காக்க வேண்டும் என்பார்கள். அதில் நானே அவர்கள் பக்கம். எந்த ஊரில் எத்தனை பேர் அடி வாங்குகிறார்கள் என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. மாநில எண் போதும். பணம் எங்கே என்பார்கள். ஒரு தாள் தமிழில் அச்சடிக்க எவ்வளவு ஆகும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளே, ஆய்வின் பலன் அதில் பங்கெடுத்த மக்களுக்கும் போய்ச்சேர வேண்டும் என்கின்றன. புதிதாகச் சட்டம் எதுவும் கேட்கவில்லை.

இதில் ஆய்வாளர்களுக்கும் லாபம் உண்டு. ஐந்து வருடத்துக்குள் பிறந்த குழந்தை என்றால் தடுப்பூசி, வயிற்றுப்போக்கு, தாய்ப்பால் என்று கேள்விகள் நீளும். அதனால் குழந்தையின் வயது கொஞ்சம் கூடிப்போய் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவதுண்டு. சில சமயம் பதில் சொல்கிறவர் களைத்துப்போய், சில சமயம் கேட்கிறவள் களைத்துப்போய். மக்கள்தொகை ஆய்வு செய்கிறவர்கள் எல்லாரும் அறிந்த கோளாறுதான் இது. தான் சொன்னது எங்கே போனது என்று ஒருமுறை பார்த்தவர் அடுத்தமுறை நின்று பதில் சொல்வார். "போனவாட்டியும் வந்து கேட்டுட்டுப் போனீங்களே, என்னாச்சு?" என்று வாசலிலேயே மடக்குகிற வீடுகளில் மறுப்பு என்று குறித்துக்கொண்டு திரும்புகிறவள் நான்தான்.

வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை. அதில் நவம்பர் 1 உள்ளாட்சி நாள். ஆய்வு நடந்த ஊராட்சிகளில், அறிக்கை வந்த வருடத்து நவம்பர் 1 கூட்டத்தில், நான்கைந்து எண்களை மட்டும் தமிழில் வாசிக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றட்டும். அங்கன்வாடிச் சுவரில் ஒட்டட்டும். வாசிக்கும் வேலையைக் கிராம சுகாதார செவிலியர் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது, அவருக்கு இருக்கிற பதிவேடுகளே போதும். சிசேரியன் எண்ணை வாசித்ததும் பெண்கள் எழுந்து, ஏன் என்று கேட்பார்கள். செவிலியரால் பதில் சொல்ல முடியாது. வட்டார மருத்துவ அலுவலரும், ஆய்வை நடத்திய கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரும் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்குக் கேள்வி அந்தப் பெண்களுடையது.