மைல்ஸில் எடுத்த ‘ஃப்ரீ’ விமான டிக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் ஏன்? எரிபொருள் சர்சார்ஜைத் தவிர்ப்பது எப்படி?

“அதான் மைல்ஸ் இருக்கே, டிக்கெட் ஃப்ரீதானே?” கிரெடிட் கார்டு பாயின்ட்டுகளைப் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் புக்கிங்கின் கடைசிப் பக்கத்தில் ‘வரிகள் மற்றும் கட்டணங்கள்’ என்ற வரிக்கு எதிரே பெரிய தொகை ஒன்று வந்து நிற்கிறது. வெளிநாட்டுப் பயணமாக இருந்தால், சில நேரங்களில் அது சாதாரண டிக்கெட் விலையில் பாதியைத் தொட்டுவிடும்.

“கவர்ன்மென்ட் வரி, கட்டித்தானே ஆகணும்” என்று பலர் கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். அந்தத் தொகையில் பெரும்பகுதி பல நேரங்களில் அரசாங்க வரியே இல்லை. விமான நிறுவனம் தனக்காக வசூலிக்கும் எரிபொருள் கூடுதல் கட்டணம் அது. வரியைத் தவிர்க்க முடியாது. ஆனால் இந்தக் கட்டணத்தைப் பல நேரங்களில் தவிர்க்க முடியும்.

அது என்ன ‘ஒய்.க்யூ’?

ஒரு விமான டிக்கெட்டின் விலையில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, அடிப்படைக் கட்டணம். இரண்டாவது, ஜி.எஸ்.டி., விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் போன்றவை. இவை விமான நிறுவனம் வசூலித்து அரசுக்கோ விமான நிலையத்துக்கோ கொடுப்பவை. மூன்றாவது, விமான நிறுவனமே விதித்து, தானே வைத்துக்கொள்ளும் கூடுதல் கட்டணம். டிக்கெட்டில் இது பெரும்பாலும் ‘ஒய்.க்யூ’ அல்லது ‘ஒய்.ஆர்’ என்ற குறியீட்டில் இருக்கும்.

மைல்ஸ் கொடுத்து டிக்கெட் எடுக்கும்போது முதல் பகுதி காணாமல் போகிறது. இரண்டாவது பகுதியைக் கட்டியே ஆக வேண்டும். மூன்றாவது பகுதி மட்டும், எந்த மைல்ஸ் திட்டத்தின் வழியாக புக் செய்கிறோம் என்பதைப் பொறுத்து வரும், அல்லது வராது.

இது வரி இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் ரீஃபண்ட் விதியே ஆதாரம். பயணி டிக்கெட்டை ரத்து செய்தால், ரத்துக் கட்டணமாக ‘அடிப்படைக் கட்டணம் + எரிபொருள் கட்டணம்’ என்ற கூட்டுத்தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது என்கிறது அந்த விதி. அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் பயணிக்குத் திருப்பித் தர வேண்டும்.

அதாவது எரிபொருள் கட்டணத்தை விதியே வரிகளோடு சேர்க்கவில்லை. அடிப்படைக் கட்டணத்தோடுதான் சேர்த்திருக்கிறது. பெயர் வேறாக இருந்தாலும் அதுவும் டிக்கெட் விலைதான்.

எண்ணெய் விலை குறைந்தால் இதுவும் குறையுமா?

குறைந்த உதாரணம் இருக்கிறது. விமான எரிபொருள் விலை உயர்ந்ததைக் காரணம் காட்டி, இண்டிகோ 2023 அக்டோபர் 6 முதல் தூரத்துக்கு ஏற்ப ரூ.300 முதல் ரூ.1,000 வரை எரிபொருள் கட்டணம் விதித்தது. 500 கி.மீ. வரை ரூ.300, 3,500 கி.மீ.க்கு மேல் ரூ.1,000. எரிபொருள் விலை குறைந்ததும் 2024 ஜனவரி 4 முதல் அதை விலக்கிக்கொண்டது.

ஆனால் உலகம் முழுக்க இப்படி நடப்பதில்லை. 2014-ன் மத்தியில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. அப்போதும் பல நிறுவனங்களின் டிக்கெட்டில் இந்தக் கட்டணம் நீடித்தது, பெயர் மட்டும் மாறி. ‘எரிபொருள் கட்டணம்’ என்று பெயர் வைத்தால் அது உண்மையான எரிபொருள் செலவைப் பிரதிபலிக்க வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2012-ல் கண்டிப்பாகச் சொன்னது. அதன் பிறகு ‘விமான நிறுவனம் விதிக்கும் கட்டணம்’ என்ற பொதுப்பெயர் பரவலானது.

அதே 2012-ல், மைல்ஸ் டிக்கெட்டுக்கு வாங்கிய எரிபொருள் கட்டணத்துக்கும் உண்மையான எரிபொருள் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் மீது அதன் உறுப்பினர்கள் நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தார்கள். 2018-ல் அது சமரசத்தில் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணமாகவோ ‘ஏவியோஸ்’ பாயின்ட்டுகளாகவோ இழப்பீடு தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் பயணிகள் டிக்கெட்டை விட்டுவிட்டு, சரக்குக் கட்டணத்தில் இதே கேள்வி எழுந்தது. சரக்குகளுக்கான எரிபொருள் கட்டணத்தைச் சேர்ந்து முடிவு செய்ததாக ஜெட் ஏர்வேஸ், இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2015-ல் சுமார் ரூ.258 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்ய, மறுவிசாரணைக்குப் பிறகு 2018-ல் சுமார் ரூ.54 கோடியாகக் குறைத்து மீண்டும் விதித்தது.

ஒரே சீட், இரண்டு கட்டணம்: எப்படி?

சேலத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க ஏற்காடு மலையே போதும். ஏற்காடு ஏற அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை ஒன்று. அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூர் வழியாக ஏறும் பாதை இன்னொன்று. முதல் பாதையில் மண் சரிந்தால் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பி விடுவார்கள். கொஞ்சம் சுற்றுதான். ஆனால் போய்ச் சேருவது அதே ஏற்காடு.

மைல்ஸும் அப்படித்தான். ஒரு விமானத்தின் அதே சீட்டை, அந்த நிறுவனத்தின் சொந்தத் திட்டம் வழியாகவும் எடுக்கலாம். அதே கூட்டணியில் உள்ள வேறு நிறுவனத்தின் திட்டம் வழியாகவும் எடுக்கலாம். ஏறுவது ஒரே விமானம். கட்டணம் மட்டும் வேறு.

எடுத்துக்காட்டாக, ஜெர்மனியில் படிக்கும் மகளைப் பார்க்கக் குப்பனூரிலிருந்து கிளம்பும் பெற்றோரை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சா விமானம். அது ‘ஸ்டார் அலையன்ஸ்’ கூட்டணியைச் சேர்ந்தது. ஏர் இந்தியா 2014-லிருந்து அதே கூட்டணியில்தான் இருக்கிறது. இந்தச் சீட்டை லுஃப்தான்சாவின் ‘மைல்ஸ் அண்ட் மோர்’ திட்டத்திலோ, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ‘கிரிஸ்ஃப்ளையர்’ திட்டத்திலோ எடுத்தால் கூடுதல் கட்டணமும் சேர்ந்து வரும்.

அதே சீட்டை யுனைடெட் ஏர்லைன்ஸின் ‘மைலேஜ்பிளஸ்’, ஏர் கனடாவின் ‘ஏரோபிளான்’, அவியான்காவின் ‘லைஃப்மைல்ஸ்’ போன்ற திட்டங்களில் எடுத்தால் அந்தக் கட்டணம் வராது; வரிகள் மட்டும்தான். ஏரோபிளான் 2020 நவம்பரில் தன் திட்டத்தை மாற்றியமைத்தபோது இந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. பார்ட்னர் விமானம் என்றால் 39 கனடிய டாலர் மட்டும் தனியாக வாங்குகிறது.

கிரிஸ்ஃப்ளையரிலும் ஒரு நல்ல வழி இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்த விமானங்களில் எடுக்கும் மைல்ஸ் டிக்கெட்டுக்கு 2017 மார்ச் முதல் எரிபொருள் கட்டணம் கிடையாது. சென்னை–சிங்கப்பூர் போய் வருபவர்களுக்கு இது உதவும். பார்ட்னர் விமானங்களுக்குத்தான் கவனம் தேவை.

கட்டணம் இல்லாத திட்டம்தான் எப்போதும் லாபமா?

இல்லை. சர்சார்ஜ் வாங்காத திட்டம் சில நேரம் அதிக மைல்ஸ் கேட்கும். யுனைடெட் 2019-லேயே நிலையான மைல்ஸ் பட்டியலைக் கைவிட்டது. தேதியைப் பொறுத்து எண்ணிக்கை ஏறும், இறங்கும். அதனால் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு டிக்கெட்டின் ரொக்க விலை ரூ.42,000.

• முதல் திட்டம்: 40,000 மைல்ஸ் + கட்டணம் ரூ.18,000. மிச்சம் ரூ.24,000. ஒரு மைலுக்குக் கிடைத்த மதிப்பு 60 பைசா.

• இரண்டாவது திட்டம்: 50,000 மைல்ஸ் + வரி ரூ.5,000. மிச்சம் ரூ.37,000. ஒரு மைலுக்கு 74 பைசா.

10,000 மைல்ஸ் கூடுதலாகப் போனாலும் இரண்டாவதே லாபம். ஆனால் அதே இரண்டாவது திட்டம் 70,000 மைல்ஸ் கேட்டால் மதிப்பு சுமார் 53 பைசாவாக இறங்கிவிடும். அப்போது முதல் திட்டமே மேல். சுருக்கமாக: ரொக்க விலையிலிருந்து கையிலிருந்து கட்டும் தொகையைக் கழித்து, மைல்ஸ் எண்ணிக்கையால் வகுத்தால் விடை கிடைத்துவிடும்.

புக் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

1. கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்க்க வேண்டும். பல திட்டங்களில் பணம் கட்டும் பக்கத்தில்தான் வரியும் விமான நிறுவனக் கட்டணமும் தனித்தனியாகத் தெரியும். ‘ஒய்.க்யூ’, ‘ஒய்.ஆர்’, ‘விமான நிறுவனம் விதிக்கும் கட்டணம்’ என்ற வரிகளைத் தேட வேண்டும்.

2. திட்டத்தை மாற்றிப் பார்க்கலாம். அதே கூட்டணியில் உள்ள வேறு இரண்டு திட்டங்களின் தளத்தில் அதே தேதியைத் தேடினால் வித்தியாசம் உடனே தெரியும். ஒரு திட்டத்துக்குத் தெரியும் சீட் இன்னொன்றுக்குத் தெரியாமலும் போகலாம்.

3. விமானத்தை மாற்றிப் பார்க்கலாம். ஒரே திட்டத்திலேயே ஒரு நிறுவனத்துக்கு அதிகக் கட்டணமும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் இருக்கும்.

4. போவதையும் வருவதையும் தனித்தனியாகத் தேடலாம். கிளம்பும் நாட்டின் விதியைப் பொறுத்து கட்டணம் மாறும். ஹாங்காங் 2016 பிப்ரவரி முதல் 2018 அக்டோபர் வரை அங்கிருந்து கிளம்பும் விமானங்களில் எரிபொருள் கட்டணத்தையே தடை செய்திருந்தது. ஜப்பான் நிறுவனங்கள் சிங்கப்பூர் சந்தை விலையை வைத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டணத்தை மாற்றி அறிவிக்கின்றன. அங்கே புக் செய்யும் மாதமே தொகையை மாற்றிவிடும்.

5. தவிர்க்க முடியாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனிலிருந்து கிளம்பும் பயணிகளுக்கான விமானப் பயணி வரி அந்நாட்டு அரசின் வரி. எந்தத் திட்டத்தில் எடுத்தாலும் அது வரும்.

அவசரப்பட்டால் நஷ்டம் எங்கே?

பேங்க் பாயின்ட்டுகளை மைல்ஸாக மாற்றும் இடத்தில். ஒருமுறை விமானத் திட்டத்துக்கு மாற்றிவிட்டால் பொதுவாகத் திரும்ப வாங்க முடியாது. “முதல்ல மாத்தி வச்சுக்குவோம், அப்புறம் டிக்கெட் பாத்துக்கலாம்” என்பவர்கள்தான் சர்சார்ஜ் அதிகமுள்ள திட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் சீட்டும் கட்டணமும். பிறகே பாயின்ட் மாற்றம்.

அதற்காகப் பல வருஷம் சும்மா வைத்திருப்பதும் ஆபத்து. மைல்ஸ் பேங்க் டெபாசிட் இல்லை. வட்டி வராது, விதிகள் மாறினால் மதிப்புதான் குறையும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் பறப்பதை நிறுத்தியபோது, அந்த மைல்ஸை வைத்திருந்தவர்களின் முக்கியமான பயன்பாடே ஒரே நாளில் போனது. திட்டம் அதே ஆண்டு ‘இன்டர்மைல்ஸ்’ என்ற பெயரில் தொடர்ந்தாலும், பறக்க ஜெட் விமானம் இல்லை.

சேலத்திலிருந்து பறப்பவர்களுக்கு...

ஓமலூர் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரில் மீண்டும் சேவை தொடங்கியது. சென்னை–சேலம் இண்டிகோ விமானம் அக்டோபர் 29-ல் வந்தது. இது போன்ற குறுகிய பயணத்துக்கு ரொக்க விலையே குறைவாக இருக்கும் நாட்களில் மைல்ஸை அங்கே செலவு செய்வது அநேகமாக வீண். நீண்ட தூரப் பயணத்துக்குத்தான் அதைச் சேமிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. மைல்ஸில் எடுத்த வெளிநாட்டு டிக்கெட்டும், சேலம்–சென்னை டிக்கெட்டும் தனித்தனியாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பு பயணியுடையதுதான். இடையில் போதிய நேரம் விட வேண்டும். முந்தைய நாளே சென்னை போய்ச் சேர்வது இன்னும் நல்லது. சர்சார்ஜில் மிச்சம் பிடித்ததை, தவறவிட்ட விமானத்துக்குப் பதிலாகப் புது டிக்கெட் வாங்கித் தொலைக்கக் கூடாது.

மைல்ஸ் டிக்கெட் முழுக்க ஃப்ரீ என்று எந்தத் திட்டமும் சொல்வதில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் வரும் தொகை எல்லாம் அரசாங்க வரியும் இல்லை. எது வரி, எது விமான நிறுவனத்தின் விலை என்று பிரித்துப் பார்க்கும் 10 நிமிஷம், ஒரு குடும்பத்துக்குப் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.