160 ஏக்கருக்கு 614 ரூபாய் வாடகை

நம்ம கீழப்பாவூர்க் குளத்துப் புறம்போக்கில் ஒருவர் குடிசை போட்டால் என்ன நடக்கும்? கிராம நிர்வாக அலுவலர் எழுதிக்கொண்டு போவார். பி மெமோ வரும், அபராதம் கட்டச் சொல்வார்கள், அப்புறம் காலி செய் என்று நோட்டீஸ். தாலுகா ஆபீஸில் இருந்தபோது அப்படிப்பட்ட நோட்டீஸ்கள் நானே நிறைய எழுதியிருக்கிறேன். வாங்கியவர்களில் பாதிப் பேர் கைநாட்டு.

சென்னை கிண்டியிலும் ஓர் அரசு நிலம் இருக்கிறது. குதிரைப் பந்தய மைதானம், சுமார் 160 ஏக்கர். 1945-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட வரவில்லை. மொத்த மைதானத்துக்கும் ஒரு நாள் வாடகை ரூ.1.68. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் இன்றைக்கு அந்தக் காசுக்கு அரை டீ கிடைக்காது.

1970-களில் ஊரெல்லாம் வேறு வாதம் நடந்தது. பந்தயம் சூதா, திறமையா என்று. 1974-ல் கலைஞர் அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அது திறமைதான் என்றது. திறமையாகவே இருக்கட்டும் ஐயா, வாடகை எங்கே? ஏற்றிக் கேட்டால், ஒப்பந்தத்தில் ஏற்ற இடமில்லை என்று பதில்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே என்பார்கள். பணம் புழங்கும் தொழில் அது. பரிசுத் தொகை ஏறும், குதிரை விலை ஏறும், நிலத்தின் வாடகை மட்டும் வெள்ளைக்காரன் காலத்திலேயே நிற்குமா? குதிரை பராமரிக்கும் தொழிலாளிகள் பாவம் என்பதும் நியாயமே. அவர்களுக்கு வழி செய்யத்தான் வேண்டும். ஆனால் வாடகை பாக்கிக்கு அவர்களைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது.

2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் 730 கோடி ரூபாய் பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. அங்கே பூங்காவும், மழைநீர் தேங்கக் குளங்களும் வரும் என்றார்கள். குளத்தின் அருமை நமக்குத் தெரியும். வரட்டும். இன்னொரு பெரிய இடத்துக்குக் குறைந்த வாடகையில் போகாமல் இருந்தால் சரி.

அந்தக் குடிசைக்காரர்களுக்கு நான் எழுதிய நோட்டீஸில் கொடுத்த அவகாசம் சில நாட்கள். கிளப்புக்குக் கிடைத்தது அரை நூற்றாண்டு. இரண்டுக்கும் ஒரே அரசாங்க முத்திரைதான். அதில் என் கையெழுத்தும் ஒரு பக்கம் இருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.