"நீங்க பேசாம இருங்க, பெரியம்மா!"

சகோதரிகளே, முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் 'பணம்' என்று சொல்லுங்கள். பிறகு 'மணம்' என்று சொல்லுங்கள். உதட்டில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரரை நிற்க வைத்துச் சொல்லச் சொன்னேன். அவர் மீசைக்குள் பணமும் தெரியவில்லை, மணமும் தெரியவில்லை!

என் தங்கை பெண் இப்படித்தான் உலகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள். நாலு வயதில் மூளைக் காய்ச்சல் வந்து பிழைத்தவள். உயிர் தங்கியது, இரண்டு காதிலும் கேட்கும் சக்தி பெருமளவு போய்விட்டது. மிஷின் வைத்தால் சத்தம் கேட்கும். ஆனால் எதிரே இருப்பவர் குரலோடு, தலைக்கு மேல் சுற்றும் ஃபேனும் வாசலில் போகும் லாரியும் சேர்ந்தே வரும். கொஞ்சம் காதால் கேட்டு, கொஞ்சம் உதட்டைப் பார்த்து, மீதியை ஊகித்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். 2021-ல் கல்லூரி திறந்தபோது எல்லார் வாயிலும் முகக்கவசம். பாவம், அந்த வருஷம் முழுக்கப் புத்தகத்தையே வாத்தியாராக வைத்துக்கொண்டு பி.காம். தேறினாள்.

2022-ல் வேலை தேடி கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு என் வீட்டுக்கு வந்தாள். டாலி படித்தாள். கணக்கில் கெட்டி. என் மளிகைக் கணக்கிலேயே பன்னிரண்டு ரூபாய் தப்பு கண்டுபிடித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! வேலை கிடைக்க எத்தனை நாள் ஆகும், ஒரு மாதம் போதுமே என்று நினைத்தேன்.

விண்ணப்பம் போட்டால் முதலில் வருவது ஃபோன். ஃபோனில் உதடு ஏது? அவள் என்னிடம் நீட்டுவாள். "அவங்ககிட்டே கொடுங்கம்மா" என்பார்கள். "அவளுக்குக் காது கொஞ்சம்..." என்று நான் இழுப்பேன். "சரிம்மா, நாங்களே கூப்பிடறோம்" என்று வைத்துவிடுவார்கள். அப்புறம் எங்கே கூப்பிடுவது? ஏழெட்டு இடம் இப்படியே போயிற்று.

ஒரே ஒரு இடத்தில் நேரில் வரச் சொன்னார்கள். அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனி. நானும் கூடப் போனேன். மானேஜர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். அவருக்குப் பின்னால் பெரிய ஜன்னல், பளீரென்று வெயில். "ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தெரியுமாம்மா?" என்று அவளைத்தான் கேட்டார். அவள் ஒரு நொடி தயங்கினாள். பெற்ற மனம் மட்டுமா, வளர்த்த மனமும் பொறுக்காது! "தெரியும் சார், ரொம்ப நல்லாச் செய்வா" என்று நான் முந்திக்கொண்டேன். அடுத்த கேள்வியை அவர் என்னிடமே கேட்டார். அதற்கடுத்ததையும். கால் மணி நேரத்தில் எனக்கும் அவருக்கும் பேட்டி முடிந்தது. அவள் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து காப்பி குடித்த பிறகுதான் பேசினாள்.

"பெரியம்மா, அவர் கேட்டது எனக்குப் புரிஞ்சுது. ஜன்னல் வெளிச்சத்துல அவர் முகம் இருட்டா இருந்துது. அதான் ஒரு நிமிஷம் ஆச்சு. பதில் சொல்ல வாயெடுத்தேன். நீங்க பேசினீங்க. அவர் முகத்தை உங்க பக்கம் திருப்பிட்டார். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியலை."

கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த தடவை நீங்க பேசாம இருங்க, பெரியம்மா. முடிஞ்சா வெளியிலேயே இருங்க" என்றாள்.

சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. காது கேட்காதது ஒரு தடை, ஃபோன் ஒரு தடை என்று எண்ணிக்கொண்டிருந்தேனே, மூன்றாவது தடையாக நானல்லவா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்! கடையில் ரவிக்கைத் துணி எடுப்பதிலிருந்து டாக்டரிடம் "எங்கே வலிக்குது" என்று சொல்வது வரை அவளுக்காக நாங்கள்தான் பேசினோம், தங்கையும் நானும். அன்பில்தான் செய்தோம். ஆனால் பேட்டி எடுக்கிறவர் என்ன நினைப்பார்? இந்தப் பெண்ணை வேலைக்கு வைத்தால் பெரியம்மாவையும் சேர்த்தல்லவா வைக்க வேண்டும்!

பிறகு நாங்கள் உட்கார்ந்து ஒழுங்காக யோசித்தோம். காகித வேலைகளை முதலில் முடித்தோம். அரசு ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்து ஊனச் சான்றிதழும், அதோடு யு.டி.ஐ.டி. அட்டையும் வாங்கினாள். இந்த ஒரே அட்டை நாடு முழுக்கச் செல்லும். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலைகளில் 4 சதவீதம் ஒதுக்கீடு. அதற்கு ஊனம் 40 சதவீதமோ மேலோ இருக்க வேண்டும். அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் 3 சதவீதம்தான் இருந்தது. காது கேளாதவர்களுக்கென்று தனியாக 1 சதவீதம் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் இவர்களுக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது, வயது வரம்பிலும் பத்து வருஷம் சலுகை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம் இருக்கிறது. என்ன வேலை ஒத்துவரும் என்று அங்கே பார்த்துச் சொல்கிறார்கள், பயிற்சியும் உண்டு.

தனியார் கம்பெனிகளுக்கு இந்த 4 சதவீதக் கட்டாயம் கிடையாது. ஆனால் அவர்களும் சம வாய்ப்புக் கொள்கை என்று ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்பது அதே சட்டம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால், எந்தெந்த வேலை இவர்களுக்கு ஏற்றது, என்னென்ன வசதி செய்து தரப்படும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டுப் பேட்டிக்குப் போனால் என்ன கேட்கலாம் என்று தெரியும்.

இதெல்லாம் ஆயிற்று. பெரிய சண்டை எதில் வந்தது தெரியுமா? விண்ணப்பத்தில் காது விஷயத்தை எழுதுவதா, மறைப்பதா என்பதில். "எழுதினா கூப்பிடவே மாட்டாங்கக்கா" என்று தங்கை அழாத குறை. அவள் பயமும் பொய்யில்லை. எழுத ஆரம்பித்த பிறகு அழைப்பு குறையத்தான் செய்தது. ஆனால் மறைத்தபோது வந்த அழைப்புகள் ஃபோனோடு செத்துப்போனவைதானே? எழுது என்றுதான் நான் சொன்னேன்.

என்ன எழுதுவது என்பதை அவளே முடிவு செய்தாள். நான் எழுதியிருந்தால் 'கருணை கூர்ந்து' என்று ஆரம்பித்திருப்பேன்! அவள் நாலே வரியில் முடித்தாள். எனக்குக் கேட்கும் திறன் குறைவு. நேரில், முகம் பார்த்துப் பேசினால் நானே பேசுவேன். ஃபோனுக்குப் பதில் மெஸேஜோ மெயிலோ அனுப்பவும். டாலியும் ஜி.எஸ்.டி.யும் தெரியும், அங்கேயே செய்து காட்டத் தயார். அவ்வளவுதான்.

பேட்டிக்கும் ஒத்திகை பார்த்தோம். ஜன்னல் பக்கம் முதுகு வைத்து நான் மானேஜராக உட்கார்ந்தேன். "சார், வெளிச்சம் உங்க முகத்துல பட்டா எனக்கு நல்லாப் புரியும். நான் இந்தப் பக்கம் உட்காரலாமா?" என்று கேட்கப் பழகினாள். முதல் நாள் குரலே எழும்பவில்லை. நாலாம் நாள், "பெரியம்மா, மானேஜர் வாயில வெத்திலை போட்டுக்கிட்டுப் பேசக்கூடாது" என்று என்னையே அதட்டினாள்! கைப்பையில் மிஷினுக்கு மாற்று பேட்டரி எப்போதும் இருக்கும். ராத்திரி மிஷினைக் கழற்றி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிடுவாள். சென்னை வியர்வைக்கு அதுதான் மருந்து.

2023-ல் மோட்டார் உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையிலிருந்து மெஸேஜ் வந்தது. நான் எதிர்சாரியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம்! இரண்டு டீ குடித்தேன். வெளியே வந்தவள், "பேங்க் கணக்கைக் கொடுத்து சரிபார்க்கச் சொன்னாங்க, பண்ணிட்டேன்" என்றாள். மூன்றாம் நாள் வரச் சொல்லிவிட்டார்கள். சம்பளம் பதினாலாயிரம். பெரிய தொகை இல்லைதான்.

அங்கே பெரிதாக எதையும் மாற்றவில்லை. சுவரைப் பார்த்துக் கிடந்த மேஜையை வாசல் பக்கம் திருப்பினார்கள், யார் வருகிறார்கள் என்று தெரிய. ஃபோன் பக்கத்து மேஜைக்காரருக்குப் போயிற்று. அதற்குப் பதிலாக அவர் வெறுக்கும் பேங்க் கணக்கு ஒப்பீடு இவளுக்கு வந்தது. இரண்டு பேருக்கும் சந்தோஷம். கூட்டாகப் பேசும்போதுதான் இன்னும் தடுமாறுகிறாள். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிச் சிரித்தால் எந்த வாயைப் பார்ப்பது? முடிந்ததும் ஒருவர் எழுதிக் காட்டினால் உண்டு. அரசுத் தேர்வுக்கும் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறாள்.

வேலைக்குச் சேர்கிற அன்று என் தங்கை ராத்திரி ரயிலில் கிளம்பி வந்துவிட்டாள், "அந்த முதலாளிகிட்டே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேங்க்கா" என்று. அவளை சமையலறையில் பிடித்து உட்கார வைத்து ஒரு கிலோ சின்ன வெங்காயத்தைக் கையில் கொடுத்தேன். உரித்து முடிப்பதற்குள் பெண் பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் வரை தங்கை என்னையே நச்சரித்தாள். "எப்படி இருக்காளாம்? சாப்பிட்டாளாமா? யாராவது ஏதாவது சொன்னாங்களாமா?"

"எனக்கென்னடி தெரியும்? அவளைக் கேளேன்" என்றேன்.

மெஸேஜ் போட்டுக் கேட்டாள். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. "வேலையா இருக்கேன்மா. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

(நாரத்தங்காய்ப் பக்குவம் கேட்டு எழுதிய சகோதரிகளுக்கு அடுத்த இதழில் பதில்.)