ரேகையைக் கடந்தாலும்

விடுதி ராகிங்கில் சாதியைக் கேட்டுவிட்டு 'சும்மா விளையாட்டு' என்பவர்கள், கடற்படையிலேயே இது உண்டே என்பார்கள். உண்டுதான். 'ஒரு வாளி நீராவி கொண்டு வா' என்று புது மாலுமியை அலையவிடுவார்கள். கப்பல் பூமத்திய ரேகையைக் கடக்கும்போது, நெப்டியூன் வேடமிட்ட மூத்தவர் முன் நிறுத்தி, முகத்தில் கண்டதைப் பூசி, தண்ணீரில் முக்குவார்கள். எழுந்தால் அவரும் மூத்தவர்; அடுத்த பயணத்தில் அவரே பூசலாம். இதையே நான் ரசிக்கவில்லை. ஆனால் இது ஒரு நாளில் முடிந்துவிடும். அமெரிக்கக் கடற்படை 1930களில் புதிதாகச் சேர்த்த கறுப்பர்களுக்கு முடியவில்லை. எத்தனை முறை ரேகையைக் கடந்தாலும் சமையல், பரிமாறல், அதிகாரிகளுக்கு எடுபிடி. 1941இல் பேர்ல் துறைமுகத்தில், பயிற்சியே தரப்படாத எந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டவர் டோரிஸ் மில்லர். மறு ஆண்டு நேவி கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். 1943இல் கப்பலோடு மூழ்கியபோதும் அவர் சமையல்காரர்தான்.