ஊதினால் தெரியுமா புற்றுநோய்?

நுரையீரல் புற்றுநோயை மூச்சுக்காற்றிலேயே கண்டறிந்துவிடலாம் என்ற செய்தி அவ்வப்போது வந்துகொண்டிருக்கிறது. ஊசி வேண்டாம், கதிர்வீச்சு வேண்டாம், குழாயில் ஊதினால் போதும் என்கிறார்கள். இந்த நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லாமல் இல்லை. மனித மூச்சில் சுமார் 250 வேதிப்பொருள்கள் இருப்பதை 1971-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழுவினர் காட்டினார்கள். செல்சவ்வின் கொழுப்பு சிதையும்போது ஹெக்சனல், பென்டேன் போன்ற சேர்மங்கள் உருவாகி, ரத்தத்தில் கலந்து மூச்சோடு வெளியேறுகின்றன. புற்றுநோய் இவற்றின் அளவை மாற்றக்கூடும். 1999-இல் ஆய்வாளர் மைக்கேல் பிலிப்ஸின் குழு இத்தகைய 22 சேர்மங்களை வைத்து நோயாளிகளை இனங்காண முடியும் என்று ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதியது. அதன்பின் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனால் இந்த முறை இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி மக்களுக்கான வழக்கமான பரிசோதனையாகவில்லை. நோய் உறுதியானவர்களிடம் கிடைத்த வெற்றியை, நோய் இருக்கிறதா என்றே தெரியாதவர்களிடமும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் சிக்கலின் வேர்.

இந்தச் சேர்மங்கள் மூச்சில் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில்தான் இருக்கின்றன. வயது, உணவு, புகைப்பழக்கம், அறையின் காற்று என எதுவும் அவற்றை மாற்றிவிடும். புற்றுநோயின் அடையாளமாகச் சில ஆய்வுகள் பட்டியலிட்ட புரொப்பனால், மருத்துவமனைக் கிருமிநாசினியிலும் இருக்கிறது. சிகிச்சைக்கு வந்த முதிய புகைப்பிடிப்பாளரையும் ஆரோக்கியமான இளைஞரையும் ஒப்பிட்டால் கருவி வேறுபாட்டைக் காட்டத்தான் செய்யும். அது நோயின் வேறுபாடா, வாழ்க்கையின் வேறுபாடா? மோப்ப நாய்களின் கதை இதற்கு நல்ல பாடம். 2006-இல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வில் அவை ஏறக்குறைய பிழையே இல்லாமல் நோயாளிகளைக் கண்டுபிடித்தன. யாருக்கு நோய் என்பது நாயை நடத்துபவருக்கும் சோதனையாளருக்கும் தெரியாமல் ஆஸ்திரியாவில் பின்னர் சோதித்தபோது, நோயில்லாத பெரும்பாலானோரையும் அவை நோயாளிகளாகக் காட்டின.

நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் கருவியே கிடைத்தாலும் கணக்கு எளிதல்ல. 10,000 பேரில் 50 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கருவி 45 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோயில்லாத 995 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். தவறாகச் சிக்கிய இவர்களுக்கு ஸ்கேன் செலவும் உறக்கமற்ற இரவுகளும் மிஞ்சும். சிலருக்கு ஊசி குத்தித் திசு எடுக்கவும் நேரிடும். ஊதுவதில் என்ன தீங்கு என்று கேட்பவர்கள் ஊதியதற்குப் பின் நடப்பதையும் பார்க்க வேண்டும்.

காத்திருப்பதும் உயிரைப் பறிக்கிறதே என்பது நியாயமான எதிர்வாதம். நம் நாட்டில் இந்த நோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவருகிறது. குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனும் பிழையற்றதல்ல. 53,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், அது சந்தேகம் எழுப்பிய நூற்றில் 96 முடிவுகள் பொய்யாயின. உலகக் காசநோயாளிகளில் கால் பங்கினர் வாழும் இந்தியாவில், காசநோய்த் தழும்புகள் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டும். ஆனாலும் மார்பு எக்ஸ்ரேயுடன் ஒப்பிடும்போது சி.டி. ஸ்கேன் நுரையீரல் புற்றுநோய் மரணங்களை 20 சதவீதம் குறைத்தது என்று அதே ஆய்வு 2011-இல் நிரூபித்தது. மூச்சுப் பரிசோதனைக்கு அப்படியொரு சான்று இல்லை.

உண்மையில் சி.டி. எழுப்பும் பொய்ச் சந்தேகங்கள்தான் மூச்சுப் பரிசோதனைக்கு உரிய இடத்தைக் காட்டுகின்றன. ஸ்கேனில் கட்டி தெரிந்த 100 பேரில் 20 பேருக்குப் புற்றுநோய் என்று கொண்டால், முன்சொன்ன அதே கருவி 18 பேரைச் சரியாகவும் 8 பேரைத் தவறாகவும் பிடிக்கும். யாருக்கு உடனே திசுப் பரிசோதனை, யாருக்குச் சில மாதங்கள் கழித்து மறு ஸ்கேன் என்று முடிவெடுக்க இது மருத்துவருக்கு உதவும். தப்பிய இருவரையும் மறு ஸ்கேனில் பிடிக்க வாய்ப்புண்டு.

செயற்கை நுண்ணறிவு எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடும் என்பது இன்னொரு வாதம். நோயாளிகளின் மாதிரி ஒரு வார்டிலும் மற்றவர்களின் மாதிரி வேறொரு கட்டடத்திலும் எடுக்கப்பட்டால், கணினி புற்றுநோய்க்குப் பதிலாகக் கட்டடத்தின் காற்றைக் கற்றுக்கொள்ளும். எதைத் தேடுகிறோம் என்ற தெளிவும் வேண்டும். வயிற்றிலுள்ள ஹெலிகோபாக்டர் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனை நம்பகமாக இருப்பதற்குக் காரணம், அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாவை விழுங்கச் செய்து, அந்த ஒரே கார்பனை மூச்சில் தேடுவதுதான். நுரையீரல் புற்றுநோயில் எதைத் தேடுவது என்பதே இன்னும் முடிவாகவில்லை.

ஆகவே இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் காசநோயிலிருந்து மீண்டவர்களையும் விறகடுப்புப் புகையில் ஆண்டுக்கணக்காகச் சமைத்த பெண்களையும் ஒப்பீட்டுக் குழுவில் சேர்க்க வேண்டும். அந்தத் தேர்வில் தேறும்வரை, முழு உடல் பரிசோதனைத் திட்டங்களிலும் இலவச முகாம்களிலும் இக்கருவியைப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று சொல்லி விற்க அரசு அனுமதிக்கக் கூடாது. ஆய்வுக்கு நிதியும், விற்பனைக்குக் கட்டுப்பாடும் ஒருசேர வேண்டும்.