ரோபோ வந்துவிட்டது, அதை இயக்கப்போவது யார்?

பாதாளச் சாக்கடையில் விஷவாயு தாக்கி இருவர் பலி என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம். முதலில் இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க இறங்கியவரும் மேலே வரமாட்டார். ஹைட்ரஜன் சல்பைடு வாயு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றம் அடங்கிவிட்டது என்று நம்பி இறங்கிய அண்ணன் தம்பிகள் நம்மில் உண்டு.

2015இல் கோழிக்கோட்டில் இப்படித்தான் இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் இறந்தார்கள். அந்தச் சாவு உலுக்கிய கேரள இளம் பொறியாளர்கள் உருவாக்கியதுதான் 'பாண்டிகூட்' ரோபோ. 2018இல் திருவனந்தபுரத்தில் வேலையைத் தொடங்கியது. கும்பகோணம், கோவை என்று நம் ஊர்களுக்கும் வந்தது. பாண்டிகூட் என்றால் பெருச்சாளி. குழிக்குள் போகும் பிராணியின் பெயரை இயந்திரத்துக்கு வைத்திருக்கிறார்கள். இத்தனை காலம் அந்த வேலையை மனிதனுக்கு வைத்திருந்தார்கள்.

இந்த ரோபோ தானாக எதையும் செய்யாது. குழியின் வாயில் நிறுத்தி உள்ளே இறக்கினால், கால்களைச் சுவரில் ஊன்றி, கையால் கசடை அள்ளி வாளியில் போடும். மேலே நிற்பவர் கேமரா காட்டும் திரையைப் பார்த்து இயக்க வேண்டும். எந்தக் குழியில் செங்கல் கட்டு பெயர்ந்திருக்கிறது, எந்தத் தெருவில் தண்ணீர் எதிர்த்து வரும், அடைத்திருப்பது மண்ணா துணியா என்பதெல்லாம் இருபது வருடம் அதே குழிகளில் கிடந்தவருக்குத்தான் தெரியும். அந்த அறிவும் இயந்திரத்தின் கையும் சேர்ந்தால்தான் வேலை முடியும்.

ஆகவே நம் கேள்வி இதுதான். திரைக்கு முன் நிற்கப்போவது யார்? குழியில் இறங்கியவருக்குப் பயிற்சி தந்து, இயக்குநர் என்ற பதவியும் அதற்குரிய சம்பளமும் தருவார்களா? அல்லது டிப்ளமோ முடித்த வேறொருவரை அமர்த்திவிட்டு, நம்மவரை இயந்திரத்தைக் கழுவும் ஒப்பந்தக் கூலியாக வைத்துக்கொள்வார்களா?

நல்ல வழியும் கண்முன் இருக்கிறது. செப்டிக் டேங்க் அடியில் இறுகிய கசடைக் குடைபோல் விரியும் கத்திகளால் கரைத்து உறிஞ்சும் 'ஹோமோசெப்' கருவியைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கியது. 2022இல் அதன் முதல் கருவிகள், கணவரைக் கழிவுக்குழியில் பறிகொடுத்த பெண்கள் தலைமை ஏற்ற சுயஉதவிக் குழுக்களுக்குச் சென்றன. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் துணை நின்றது. சென்னைக் குடிநீர் வாரியத்தில் தூய்மைப் பணியாளர்களே கழிவகற்றும் வாகனங்களின் உரிமையாளர்களாகும் திட்டமும் 2023இல் தொடங்கியது.

'உரிமையாளர் ஆனாலும் அதே சாக்கடைதானே' என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு இந்த இயந்திரத்தின் மேல் முதல் உரிமை உண்டு என்பதுதான் நம் வாதம். அவர்கள் பிள்ளைகளுக்கு அது பரம்பரை வேலை ஆகக் கூடாது. அடுத்த தலைமுறையில் அந்தப் பதவிக்கு எல்லாச் சாதிக்காரரும் விண்ணப்பிக்கட்டும்.

கிராமங்களில் ரோபோவை இன்னும் யாரும் பார்க்கவில்லை. உறிஞ்சும் லாரி வரும், தண்ணீரை இழுக்கும், அடிக்கசடு அப்படியே நிற்கும். அப்போதுதான் காலனிக்கு ஆள் அனுப்புவார்கள், 'சும்மா இறங்கி வழிச்சு விடுப்பா' என்று. பாதுகாப்புக் கருவியின்றி இறக்கினால், முதல் முறையே இரண்டாண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். கூப்பிடும் வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. அந்தப் பணத்தை வாங்கும் நிலை எந்த வீட்டுக்கும் வர வேண்டாம்.

கல்லூரி, ஐ.டி.ஐ. படிக்கும் தம்பி தங்கைகள் அடுத்த கிராம சபைக்குப் போகும்போது இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நம் ஒன்றியத்துக்குக் கசடு அகற்றும் கருவி எப்போது வரும்? அதை இயக்கும் பயிற்சிக்கு யார் பெயரை அனுப்புகிறீர்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.