உழைச்செல்வானுக்குக் கற்பிப்பவர் யார்?

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வகுக்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, நோயுற்றவரின் அருகிருந்து பணிசெய்பவர் என்பன அவை. நான்காமவருக்கு வள்ளுவர் இட்ட பெயர் ‘உழைச்செல்வான்’. இங்கு ‘உழை’ என்பது ‘பக்கம்’ என்னும் பொருளது. முதல் மூன்று கூறுகளுக்கும் இன்று கல்லூரிகள், பாடத்திட்டங்கள், உரிமங்கள், சட்டங்கள் உள்ளன. நான்காமவர்க்கு இருப்பது பெரும்பாலும் மருத்துவமனை வாசலில் கிடைக்கும் பத்து நிமிட அறிவுரை மட்டுமே. தலையில் பலத்த காயமுற்று, உயிர் பிழைத்து, நினைவு முழுதாகத் திரும்பாத ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்படும் நாளில் இந்தக் குறை உயிரோடு விளையாடும் குறையாகிறது.

மைசூரின் மண்டி மொஹல்லாவை எடுத்துக்கொள்ளலாம். நகரின் பழைய பகுதிகளுள் ஒன்றான இதற்கு அருகிலேயே கிருஷ்ணராஜேந்திரா அரசு மருத்துவமனை இருக்கிறது. தக்கனி உருது, கன்னடம், தமிழ் என்று வீட்டுக்கு வீடு மொழி மாறும் தெருக்கள் இங்குண்டு. இத்தகைய தெருவொன்றில் உள்ள வீட்டுக்கு, மூக்கில் ரைல்ஸ் டியூபும் கழுத்தில் டிரக்கியாஸ்டமி குழாயும் பொருத்தப்பட்ட ஒருவர் வந்து சேர்கிறார் என்று கொள்வோம். அவருடன் வரும் டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ‘எஸ்.ஓ.எஸ்.’ என்ற குறிப்பு ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று பொருள்படும். ஆனால் அதைப் பார்க்கும் குடும்பத்தினர் ‘அவசரம்’ என்று எண்ண இடமுண்டு.

வாய்மொழி அறிவுரையிலும் இதே சிக்கல் உண்டு. ‘அடிக்கடி திருப்பிப் படுக்க வையுங்கள்’ என்கிறார் செவிலியர். அவர் மனத்திலுள்ள ‘அடிக்கடி’ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும் சேர்த்து. வீட்டார் மனத்திலுள்ள ‘அடிக்கடி’ காலை, மதியம், மாலை. இந்த இடைவெளியில்தான் முதுகின் அடிப்பகுதியிலும் இடுப்பெலும்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்றுகிறது. ‘உணவு கொடுக்கும்போது தலையை உயர்த்துங்கள்’ என்பதும் அப்படியே. தலைக்கடியில் இன்னொரு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும். உயர வேண்டியது இடுப்புக்கு மேற்பட்ட உடல் முழுவதும், 30 முதல் 45 பாகை வரை. உணவு செலுத்திய பின்னும் அரை மணி நேரமாவது அந்நிலை தொடர வேண்டும். இல்லையெனில் உணவு மேலேறி மூச்சுப்பாதையில் இறங்கி நிமோனியாவுக்கு வழிவகுக்கும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும் என்பனவும் ஒருமுறை கேட்டு மனத்தில் நிற்பவை அல்ல. இவை கைப்பழக்கங்கள். கைப்பழக்கத்தைச் செய்துகாட்டி, செய்யச் சொல்லிப் பார்த்தே கற்பிக்க முடியும். ‘புரிந்ததா?’ என்ற வினாவுக்கு வரும் ‘புரிந்தது’ என்ற விடை, அஞ்சியிருக்கும் மனிதரின் மரியாதைச் சொல்லேயன்றிக் கற்றதற்குச் சான்றாகாது.

மொழியின் பங்கு அறிவுரையோடு முடிவதில்லை. நோய்நிலையை அறிவதிலேயே அது தொடங்குகிறது. கண் திறந்திருந்தும் சூழலை உணராத நிலை ஒன்று. உணர்வு மங்கலாக, விட்டுவிட்டு வெளிப்படும் குறையுணர்வு நிலை மற்றொன்று. இரண்டாவதற்கான வரையறை 2002இல்தான் வகுக்கப்பட்டது. முதல் நிலையில் இருப்பதாக மருத்துவக் குழுக்கள் ஒருமித்துக் கருதிய நோயாளிகளை முறையான அளவுகோல் கொண்டு மீண்டும் சோதித்தபோது, அவர்களுள் சுமார் 41 விழுக்காட்டினர் உண்மையில் குறையுணர்வு நிலையில் இருந்தனர் என்று 2009இல் வெளியான பெல்ஜிய ஆய்வு காட்டியது. அச்சோதனையின் முக்கியமான பகுதி ஏவலுக்கு இணங்குதல்: ‘கையைத் தூக்கு’, ‘கண்ணை மூடு’. வீட்டில் தமிழோ தக்கனியோ மட்டுமே பேசி வளர்ந்தவரிடம் இந்த ஏவல் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லப்பட்டால், அசையாத கை எதைக் காட்டுகிறது? உணர்வின்மையையா, மொழியின்மையையா? ஒரே மொழிக்குள்ளும், ‘கண்ணைத் திறங்க’ என்னும் மருத்துவரின் மரியாதை வடிவமும், ‘கண்ணத் தொற’ என்று தாய் சொல்லும் வடிவமும் சிதைந்த மூளைக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே குடும்பத்தினர் பணியாளர் மட்டுமல்லர்; சோதனைக்கு வேண்டிய மொழியை அறிந்தவர்களும் அவர்களே. முகக்கண்ணாடியைப் பார்வையால் பின்தொடர்கிறாரா என்பதை எப்படிக் கவனிப்பது, அனிச்சை அசைவையும் ஏவலுக்கான அசைவையும் எப்படி வேறுபடுத்துவது, கண்டதைத் தேதியிட்டு எப்படிக் குறித்துவைப்பது என்று அவர்களுக்குக் கற்பித்தால் மருத்துவருக்கே கண் கூடுகிறது. கற்பிக்காவிட்டால் அவர்கள் காண்பது ஒன்று ஆசையின் கற்பனையாகும், அல்லது யாரும் கேளாத உண்மையாகும்.

குடும்பத்தினர்க்குப் பயிற்சி என்பது மைசூருக்குப் புதிதன்று. 2013இல் இந்நகரில் நாராயணா குழுமம் குறைந்த செலவில் கட்டி எழுப்பிய மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய எளிய கவனிப்பைக் காணொளிவழி நான்கு மணி நேரப் பாடமாக உறவினர்க்குக் கற்பித்தனர். உலக இதழ்கள் அதை வியந்து எழுதின. ஆனால் இதயம் தேறி வீடு திரும்புபவரின் தேவை சில வாரங்களுக்கானது. மூளை சிதைந்தவரின் தேவை ஆண்டுக்கணக்கானது. நான்கு மணி நேரம் முன்னதற்குப் போதலாம்; பின்னதற்குப் போதாது.

இங்கு மறுதரப்பின் வலிமையான சான்றையும் எதிர்கொள்ள வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்குக் குடும்பத்தினரே மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் முறையை, இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘அட்டெண்ட்’ என்ற பெரிய ஆய்வு சோதித்தது. 2017இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்து, பயிற்சி பெற்ற குடும்பங்களின் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் இறப்பிலோ பிறரைச் சார்ந்திருத்தலிலோ வேறுபாடு இல்லை. ‘அப்படியானால் பயிற்சி வீண்’ என்று முடிவுகட்டுவது எளிது. அந்த ஆய்வு சோதித்தது, இயன்முறை மருத்துவரின் வேலையைக் குடும்பம் ஏற்றால் நோயாளி மேம்படுவாரா என்பதை. படுக்கைப்புண்ணும் நிமோனியாவும் வராமல் காப்பதும், கவனிப்பவரின் அச்சத்தைக் குறைப்பதும் வேறு இலக்குகள். எனினும் அதன் எச்சரிக்கையை ஏற்றேயாக வேண்டும்: நிபுணர் செய்யவேண்டியதைக் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டு அதற்குப் ‘பயிற்சி’ என்று பெயரிடக் கூடாது. தொடர்ந்து வரும் சேவையோடு இணையாத பயிற்சி, பொறுப்பைக் கைகழுவும் வழியாகிவிடும்.

கைகழுவல் எங்கு நிகழ்கிறது என்பதை அரசுத் திட்டங்களே காட்டுகின்றன. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்துக்குப் பின்னான முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. அது போற்றத்தக்கது, பல உயிர்களைக் காப்பது. காக்கப்பட்ட உயிர்களுள் சில, பேச்சும் அசைவுமின்றி வீடு திரும்புகின்றன. 49ஆம் மணி முதல் அவ்வுயிர் யாருடைய பொறுப்பு? அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையையும் வலிநிவாரணக் கவனிப்பையும் வீட்டுக்குக் கொண்டுசெல்கிறது. கேரளம் 2008இலேயே வலிநிவாரணக் கவனிப்புக்கான கொள்கையை அறிவித்தது. வழிகள் இருக்கின்றன, மூளைக்காயத்திற்கென அவை கோக்கப்படவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மூளைக்காயம் தனி வகையாக இல்லை. மிகுந்த ஆதரவு தேவைப்படுவோர்க்குக் கவனிப்பாளர் உதவித்தொகை என்பதை அச்சட்டம் குறிப்பிட்டும், உரிய தலைப்பில் சான்றிதழ் வாங்கவே குடும்பங்கள் அலைய வேண்டியிருக்கிறது.

கைவிடப்படும் குடும்பம் எங்கு போய் நிற்கும் என்பதற்கும் சான்றுண்டு. பத்தாண்டுக்கும் மேலாக உணர்வின்றிக் கிடந்த மகனைக் கவனித்துத் தளர்ந்த பெற்றோர், இனி இயலாது என்று நீதிமன்றத்தை நாடினர். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஏற்பாடு என்ன? இயன்முறை மருத்துவரும் உணவியல் வல்லுநரும் வீட்டுக்கு வருவர், அழைத்தால் மருத்துவ அலுவலர் கிடைப்பார், செவிலியர் உதவியும் மருந்தும் அரசு தரும் என்பதே. முதல் நாளிலேயே கிடைத்திருக்க வேண்டியதைப் பெற, மகனின் இறப்பைப் பற்றி வழக்காட வேண்டியிருந்தது.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் 1973 முதல் 2015 வரை 42 ஆண்டுகள் காக்கப்பட்டார். அவரைக் காத்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர். முறைவைத்து மாறி மாறிக் காத்தவர்கள். வீட்டில் அந்த முறைமாற்றம் இல்லை. பெரும்பாலும் ஒரு தாய், ஒரு மனைவி, ஒரு மகள் மூன்று வேளைப் பணியையும் ஒற்றை உடலால் செய்கிறார். வேலையை விடுகிறார், உறக்கத்தை இழக்கிறார். அவர்க்கு ஓய்வு தரும் ஏற்பாடு இல்லாத எந்தப் பயிற்சியும் அரைப் பயிற்சியே.

மைசூரில் இதற்கான அறிவு ஏற்கெனவே குவிந்திருக்கிறது. 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் பேச்சிழப்பையும் விழுங்கல் குறைபாட்டையும் அறியும். 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மொழிகளை அறியும். அரசு மருத்துவக் கல்லூரி நோயாளிகளை அறியும். மூன்றும் கூடி, தக்கனியிலும் கன்னடத்திலும் தமிழிலும், எழுத்தறியாதவர்க்கும் எட்டும் பேச்சு வடிவில், செய்துகாட்டும் பாடங்களை உருவாக்க முடியும். பயிற்சி வெளியேற்ற நாளில் அன்று, நோயாளி வார்டில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். நள்ளிரவில் குழாய் அடைத்துக்கொண்டால் அவர் மொழியில் பதில் சொல்லும் தொலைபேசி எண் ஒன்று வேண்டும். மொழியியல் மாணவர்க்கு இதைவிடப் பயனுள்ள களப்பணி அரிது. அழியும் சொற்களைத் தொகுப்பது போலவே, ஓர் உயிரைக் காக்கும் சொற்களைச் சரியாக அமைப்பதும் அத்துறையின் கடமைதான்.